நெல்லுக்கு மேலே பத்தடி உயரத்தில்

போன தை மாதம் வீரவநல்லூர் பக்கம் எங்கள் பூர்வீக ஊருக்குப் போயிருந்தேன். பிசானம் கதிர் வாங்கும் நேரம். கன்னடியன் காலில் தண்ணீர் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. விடிந்தும் விடியாமலும் தம்பி மகன் வந்து நின்றான்.

"பெரியப்பா, வயலுக்கு வாறியளா? இன்னைக்கு ட்ரோன் வருது. மருந்து அடிக்கோம்."

போனேன். பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்திருந்தாள். மகளிர் குழு மூலம் பயிற்சி எடுத்தவளாம். வயது இருபத்தைந்து இருக்கும். பத்து லிட்டர் மருந்துத் தண்ணீரை ஊற்றினாள். வரப்பில் நின்று கையிலிருந்த கருவியைத் தட்டினாள். ட்ரோன் பெரிய வண்டு மாதிரி இரைந்துகொண்டு எழும்பி, கதிருக்கு மேலே பத்தடி உயரத்தில் போக ஆரம்பித்தது. ஒரு ஏக்கர் முடிய பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கள் அப்பா காலத்தில் தோளில் ஸ்ப்ரேயரை மாட்டிக்கொண்டு சேற்றில் நடந்தால் அதே ஒரு ஏக்கருக்கு அரை நாள் போய்விடும்.

தம்பி மகனுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மின்வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம் கம்பிகளோடு காலம் தள்ளியவன் நான். பறக்கிற எதைப் பார்த்தாலும் முதலில் பக்கத்தில் கம்பி எங்கே போகிறது என்றுதான் கண் தேடும். அன்றைக்கும் அப்படித்தான். வயலுக்கு மேற்கே பம்புசெட்டுக்குப் போகும் லைன் இருந்தது. அதைப் பார்த்ததும், எப்போதோ படித்து வைத்திருந்த ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. ஆள் உட்கார்ந்து ஓட்டும் விமானத்தில், இதே பத்தடி உயரத்தில் பறந்து மருந்து அடித்தவர்களின் கதை.

சிறுவயதில் டூரிங் டாக்கீஸில் படம் ஆரம்பிக்கும் முன்பு அரசாங்கச் செய்திப் படம் போடுவார்கள். அதில் ஒருமுறை, வயலை உரசுவதுபோல ஒரு குட்டி விமானம் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு போனதைப் பார்த்தேன். தரை டிக்கெட்டில் இருந்த நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். அது புகை இல்லை, விஷம் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

இந்தத் தொழில் ஆரம்பித்தது அமெரிக்காவில். ஓஹையோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊர். 1921 ஆகஸ்ட் 3. அங்கே கட்டல்பா என்ற மரத்தோப்பு ஒன்றைப் புழு மொட்டையடித்துக்கொண்டிருந்தது. ஜான் மெக்ரெடி என்ற ராணுவ விமானி 'ஜென்னி' என்ற பழைய பயிற்சி விமானத்தில் தோப்புக்கு மேலே தாழப் பறந்தார். எட்டியன் டோர்மாய் என்ற பொறியாளர் ஒரு தகரப் பெட்டி செய்து விமானத்தின் பக்கவாட்டில் மாட்டி, கூடவே உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்ற, ஈய ஆர்சனேட் தூள் மரங்களின் மேல் இறங்கியது. புழுக்கள் செத்து விழுந்தன. சில வருஷங்களில் லூசியானாவின் பருத்திக் காடுகளில் காய்வண்டுக்கு இதே முறையில் கால்சியம் ஆர்சனேட் தூவ ஆரம்பித்தார்கள். அப்படித் தூள் தூவப் பிறந்த ஒரு கம்பெனிதான் 1928-ல் பெயர் மாறி இன்றைய டெல்டா விமான நிறுவனம் ஆனது என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவத்தின் பயிற்சி விமானங்கள் மலிவு விலைக்கு வந்தன. முன் இருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே மருந்துத் தொட்டியை வைத்து, போரில் பறந்து பழகிய பையன்கள் வயலுக்கு மேலே பறக்கக் கிளம்பினார்கள். அதோடு சாவும் கிளம்பியது.

ஏன் என்று கேட்டால், விமானத்துக்கு உயரம் என்பது கையிருப்புப் பணம் மாதிரி. எஞ்சின் நின்றாலும், இறக்கை தடுமாறினாலும், உயரம் இருந்தால் சமாளிக்கக் கொஞ்ச நேரம் கிடைக்கும். பத்தடியில் பறப்பவனுக்குக் கையிருப்பே கிடையாது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 44 மீட்டர். நமது லைனில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான். அந்த வேகத்தில் கம்பம் கண்ணில் படும். கம்பி படாது. பின்னால் காடோ வெயிலில் வெளுத்த வானமோ இருந்தால் பக்கத்தில் வரும்வரை தெரியவே தெரியாது. எங்கள் லைன்மேன்களே தூரத்திலிருந்து கம்பத்தைப் பார்த்துத்தான் கம்பி எங்கே போகிறதென்று கணக்குப் போடுவார்கள்.

கம்பிக்கு அடுத்த எமன் திருப்பம். வயல் முடிகிற இடத்தில் சட்டென்று மேலே எழும்பி, வளைந்து திரும்பி, அடுத்த வரிசைக்கு இறங்க வேண்டும். தொட்டியில் பாரம். எழும்பும்போது வேகம் குறையும். வெயில் ஏறிவிட்டால் காற்று இலேசாகி இறக்கைக்குப் பிடிப்பும் குறையும். ஒரு நொடி கணக்குத் தப்பினால் விமானம் கல்லாக விழும். இதை ஒரு நாளைக்கு ஒருமுறை இல்லை, நூறுமுறை செய்ய வேண்டும்.

இது போதாதென்று மருந்து வேறு. ஆர்சனேட்டுக்குப் பிறகு பாரத்தியான் போன்ற பாஸ்பரஸ் மருந்துகள் வந்தன. நரம்பைத் தாக்கும் சரக்கு. அது மேலில் பட்டாலும் மூச்சில் போனாலும் கண்பாவை சுருங்கும், பார்வை மங்கும், தலை சுற்றும். கம்பியைப் பார்க்க வேண்டிய கண்ணையே மருந்து மறைத்தால் என்ன ஆகும்?

விமானிகளின் இந்தக் கஷ்டத்துக்கு ஒருவழியாக விடிவு பிறந்தது. டெக்சாஸில் பிரெட் வீக் என்ற பொறியாளர் இந்த வேலைக்கென்றே ஒரு விமானம் வடிவமைத்தார். 1950 டிசம்பரில் அது பறந்தது. விமானி உயரத்தில் உட்கார்ந்து முன்னே நன்றாகப் பார்க்கலாம். மருந்துத் தொட்டி அவனுக்கு முன்னால் இருக்கும். மோதினால் முன்பக்கம் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், அவன் இருக்கும் கூண்டு தாங்கும். கம்பியை அறுக்கக் கத்தி. இறுக்கமான இருக்கை வார். அதற்குப் பின் வந்த மருந்தடிப்பு விமானங்கள் பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான் வந்தன. நம் நாட்டிலும் எச்.ஏ.எல். நிறுவனம் 'பசந்த்' என்ற பெயரில் விவசாய விமானம் செய்தது. 1972-ல் பறந்த அந்த வகையில் மொத்தம் 39 விமானங்கள் கட்டினார்கள்.

இந்த விமானங்களில் ஒரு ஏற்பாடு உண்டு. விமானிக்கு ஆபத்து என்றால் ஒரு பிடியை இழுக்க வேண்டியதுதான். தொட்டியின் அடிக்கதவு திறந்து அத்தனை மருந்தும் சில நொடிகளில் கீழே கொட்டிவிடும். பாரம் குறைந்து விமானம் எழும்பிவிடும். விமானியின் உயிரைக் காக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, அந்த நேரத்தில் கீழே யார் நின்றுகொண்டிருந்தார்கள்?

கீழே ஆள் நின்றதுண்டு. எந்த வரிசை முடிந்தது, எது பாக்கி என்று விமானிக்குக் காட்ட வயலின் ஓரத்தில் கொடி பிடித்துக்கொண்டு கூலிக்கு ஆட்கள் நிற்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் எட்டு வைத்து நகர வேண்டும். செயற்கைக்கோள் வழிகாட்டி வந்த பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது. விமானிக்குக் கூண்டு கட்டினார்கள். கொடிக்காரனுக்கு மிஞ்சிப்போனால் தலையில் ஒரு துண்டு.

விமானம் விழுந்தால் ஊரே ஓடிவரும், விசாரணை நடக்கும், குறை தெரியும், திருத்துவார்கள். கீழே நின்றவனுக்கு வரும் கேடு சத்தம் போடாது. இந்த வித்தியாசத்தை நமக்குப் பக்கத்திலேயே, மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் காசர்கோட்டில் பார்த்தோம்.

அதைச் சொல்லுமுன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1958-ல் கேரளாவில் பாரத்தியான் கலந்துவிட்ட கோதுமை மாவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கப்பலில் மாவும் மருந்தும் சேர்ந்து வந்த வினை. அதற்குப் பிறகுதான் 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971-ல் அதற்கான விதிகளும் வந்தன. ஆகாயத்திலிருந்து மருந்து தெளிப்பதற்கென்று அந்த விதிகளில் தனிப் பகுதியே இருக்கிறது. தெளிக்கும் இடத்தை அடையாளமிட வேண்டும். அனுமதித்த மருந்தை, அனுமதித்த உயரத்தில்தான் தெளிக்க வேண்டும். குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அதிகாரிகள் மூலம் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். சம்பந்தமில்லாத ஆட்களும் ஆடுமாடும் உள்ளே வராமல் தடுக்க வேண்டும். கழுவிக்கொள்ளவும் முதலுதவிக்கும் வசதி வேண்டும். காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

காசர்கோட்டில் கேரளத் தோட்டக் கழகத்துக்குப் பெரிய முந்திரித் தோட்டங்கள். முந்திரிக் குருத்தை உறிஞ்சும் தேயிலைக் கொசுவுக்காக, எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை. அந்தப் பூமி நம் வயல்வெளி மாதிரி சமதளம் கிடையாது. குன்றின் தலையில் முந்திரி, சரிவில் வீடுகள், பள்ளத்தில் ஓடையும் கிணறும். மரத்தலைக்கு மேல் பத்தடி என்று உயரம் குறித்துக் கொடுக்கலாம். மேடும் பள்ளமுமான காட்டில் அந்தப் பத்தடியைப் பிடித்துக்கொண்டே பறந்தால் விமானி சாவான். அவன் பிழைக்க உயரம் கூட்டினால் மருந்து குறி தவறி வீடுகளுக்கும் ஓடைக்கும் போகும். தாழப் பறந்தால் மேலே இருப்பவனுக்கு ஆபத்து, உயரப் பறந்தால் கீழே இருப்பவனுக்கு ஆபத்து. அந்த இடத்தில் ஆகாய மருந்தடிப்புக்குச் சரியான உயரம் என்று ஒன்று இல்லவே இல்லை.

முதலில் ஊனமாகப் பிறந்த கன்றுக்குட்டிகளைப் பற்றி விவசாயிகள் பேசினார்கள். 'அடிகெ பத்ரிகெ' என்ற கன்னட விவசாய இதழின் ஆசிரியர் ஸ்ரீ பத்ரே அதைப் பற்றி எழுதினார். பத்ரே கிராமத்தில் வைத்தியம் பார்த்த டாக்டர் மோகன குமார், ஒரே ஓடைக்கரையில் வளர்ச்சிக் குறைவும் நரம்புக் கோளாறும் வலிப்பும் புற்றுநோயும் இப்படிக் கூடி இருக்குமா என்று திகைத்து, நோயாளிகளைக் கணக்கெடுக்க ஆரம்பித்தார். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா, தோட்டத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர். 1998-ல் ஓசதுர்க் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தடை வாங்கினார். 2000-ல் கோர்ட் அதை உறுதி செய்தது. ஹெலிகாப்டர் நின்றது. மருந்து சிபாரிசு செய்யும் துறையிலேயே இருந்துகொண்டு மருந்தை எதிர்த்து கோர்ட் படி ஏற எவ்வளவு மனத்துணிச்சல் வேண்டும் என்று அரசாங்க உத்தியோகம் பார்த்த நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு ஆய்வு, எதிராய்வு, கமிட்டி என்று நீண்டது. மருந்துக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று சொன்ன குழுவும் உண்டு. அந்தச் சர்ச்சை இன்னும் முழுதாக ஓயவில்லை. ஆனால் 2011 ஏப்ரலில் ஜெனிவாவில் கூடிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் எண்டோசல்பானை ஒழிக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தன. அதே வருஷம் மே 13 அன்று நம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2017 ஜனவரியில் உத்தரவிட்டது. ஹெலிகாப்டர் முதலில் வந்த வருஷம் பிறந்த பிள்ளைக்கு அப்போது நாற்பது வயதை நெருங்கியிருக்கும்.

இதைப் படித்துவிட்டு மலையாளத்தான் மேல் பழி போட்டு நாம் தப்பிக்க முடியாது. என் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். அறுபதுகளின் கடைசி. ஐ.ஆர். 8 வந்த புதிது. மருந்தும் கூடவே வந்தது. ஒரு சாயங்காலம் எங்கள் அப்பா மருந்தடித்து முடித்து, ஸ்ப்ரேயரை காலில் முக்கிக் கழுவினார். நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கீழே படித்துறைப் பக்கம் கெண்டைக் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. பிள்ளைகள் அதைப் பொறுக்க ஓடினார்கள். அப்பா கத்தி விரட்டினார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஸ்ப்ரேயரை காலுக்குக் கொண்டுபோனதே இல்லை. வயலுக்குள்ளேயே ஒரு மூலையில் கழுவுவார். படித்த மனுஷன் இல்லை. கண்ணால் பார்த்ததால் அவருக்குத் தெரிந்தது. காற்றில் போகிற துளியை யார் பார்க்கிறார்கள்?

அந்தத் துளிக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். தலைமுடி கனம் உள்ள ஒரு மருந்துத் துளி, அதாவது 100 மைக்ரான், பத்தடி உயரத்திலிருந்து தரைக்கு வர சுமார் பதினோரு நொடி எடுக்கும். மணிக்கு 5 கிலோமீட்டர் காற்று அடித்தால் அதற்குள் பதினைந்து பதினாறு மீட்டர் நகர்ந்துவிடும். பக்கத்து வயல்தான். அதே துளி நூறடி உயரத்திலிருந்து விழுந்தால் நூற்றைம்பது மீட்டருக்கு மேல் போய்விடும். துளி இன்னும் நுணுகி 10 மைக்ரான் ஆனால், பத்தடியிலிருந்து இறங்கவே பதினாறு நிமிஷத்துக்கு மேல் ஆகும். இலேசான காற்றிலேயே ஒரு கிலோமீட்டரைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போகும்.

ட்ரோனுக்கு வருவோம். இதில் விமானி சாகமாட்டான். நூறு வருஷமாக இந்தத் தொழிலைப் பிடித்த பெரிய சாபம் அதோடு நீங்கியது. தோளில் மருந்தைச் சுமந்து நனைகிற கூலிக்காரனுக்கும் விடுதலை. இரண்டும் சின்ன விஷயமில்லை. ஆனால் கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு நூற்றைம்பது இருநூறு லிட்டர் தண்ணீரில் கலக்கும் மருந்தை, ட்ரோனில் பத்து லிட்டரில் கலக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு துளியும் காரம் கூடியது. துளியும் நுணுக்கமானது. கீழே இருப்பவன் நிலைமை அப்படியேதான் இருக்கிறது.

நம் ஊருக்கென்று ஒரு சங்கதியும் இருக்கிறது. பிசானத்தில் தை மாதப் பனிக்காலைகளில் காற்று அடங்கியிருக்கும். கார் சாகுபடி அப்படி இல்லை. ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குற்றாலச் சாரல் நமக்கு இனிக்கும், கயத்தாற்றில் காற்றாலை சுற்றும். அதே நேரத்தில்தான் காருக்கு மருந்தும் அடிக்க வேண்டி வரும். பாபநாசத்திலிருந்து கீழே வருகிற அத்தனை காலும் வயலை ஒட்டித்தான் ஓடுகிறது. வயலின் வடிகால் திரும்ப ஆற்றுக்கே போகிறது. அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன.

தை மாதக் காலைக்குத் திரும்பி வருகிறேன். முக்கால் வயல் முடிந்திருக்கும். காலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆச்சி பாத்திரம் தேய்க்க வந்து உட்கார்ந்தார். எங்களில் யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பெண்பிள்ளைதான் பார்த்தாள். ட்ரோனை அப்படியே திருப்பி வரப்பில் இறக்கிவிட்டாள்.

தம்பி மகன் அவசரப்பட்டான். "என்னம்மா, இன்னும் ரெண்டு வரிசைதானே? அடிச்சிருக்கலாமே."

"இல்ல அண்ணே. ஆச்சி எழும்பிப் போகட்டும். நான் நிக்கேன்."

நான் போய் ஆச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். "மருந்தா அடிக்கிய? காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மேலப் படித்துறைக்குப் போயிருப்பேனே அய்யா. அங்கே கெணறும் தொறந்துல்லா கெடக்கு" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. 24 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும் என்ற விதியை எங்கோ படித்து வைத்திருந்த நான், எதிர்க்கரை வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து தம்பி மகனிடம் காசர்கோட்டுக் கதையை முழுதாகச் சொன்னேன். எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த தடவை மருந்தடிக்கும் முன்தினமே டீக்கடைப் பலகையில் எந்த வயல், எத்தனை மணி, என்ன மருந்து என்று சாக்பீஸால் எழுதி வைத்தானாம். பால்காரரிடமும் சொல்லிவிட்டானாம், மாட்டை அந்தப் பக்கம் பத்த வேண்டாமென்று. காற்று எழும்பினால் அன்றைக்கு வேண்டாம் என்று அந்தப் பெண்பிள்ளையே சொல்லிவிடுகிறாளாம்.

உங்கள் ஊரிலும் இந்தக் கார் சாகுபடிக்கு ட்ரோன் வரலாம். பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். ஆடிக்காற்றில் அடிக்க வேண்டாம். காலுக்கும் கிணற்றுக்கும் பக்கத்து வரிசையை விட்டுவிட்டு, அங்கே கையால் அடித்துக்கொள்ளட்டும். முந்தின நாளே அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லட்டும். கிணற்றை மூட ஒரு தார்ப்பாய் போதும்.